வேலை முடியாமலே ஓய்தல்

வாரத்தில் ஒரு நாள் வேலையை நிறுத்தித் தேவனுக்கென்று ஒதுக்கும் ஓய்வுநாளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு கேள்விகள் முந்திக்கொண்டு வரும். சனியா, ஞாயிறா? எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது? இரண்டும் கேட்க வேண்டியவைதான். ஆனால் சில மாதங்களாவது அந்த நாளைக் கைக்கொண்டு பார்த்தவர்களுக்கு மூன்றாவது கேள்வி ஒன்று இருப்பது தெரியும். பாதியில் கிடக்கிற வேலையை என்ன செய்வது? ஓய்வுநாளின் ஆவிக்குரிய பொருளில் பெரும்பங்கு இந்தக் கேள்விக்குள்தான் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

வேலை முடிந்தபின் கையைக் கழுவிவிட்டு உட்கார எல்லோருக்கும் தெரியும். அதற்குக் கட்டளை வேண்டியதில்லை. முடியாத வேலையை வைத்துவிட்டு எழுந்து வருவதற்குத்தான் கட்டளை வேண்டும். யாத்திராகமம் 34:21 இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது: "விதைப்புக்காலத்திலும் அறுப்புக்காலத்திலும் ஓய்ந்திருப்பாயாக." வயல் சும்மா கிடக்கும் மாதத்தில் ஓய்வது எளிது. கதிர் முற்றி நிற்கிறது, வானம் கறுத்துக்கொண்டு வருகிறது, இன்னும் அரை வயல் பாக்கி. அன்றைக்கும் அரிவாளை வைத்துவிடு என்கிறது வேதம். அப்படி வைத்துவிட்டு வருகிறவன் மனதில் எழும் பயம் இருக்கிறதே, அந்த இடத்தில்தான் ஓய்வுநாள் தன் வேலையைத் தொடங்குகிறது.

பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாளைப் பற்றிய நாலாம் கட்டளையில் ஒரு சொல்லைப் பலர் கவனிப்பதில்லை. "ஆறுநாளும் நீ வேலைசெய்து, உன் கிரியைகளையெல்லாம் நடப்பிப்பாயாக." எல்லாவற்றையும் ஆறு நாளில் செய்து முடிக்க யாரால் முடியும் என்று யூத வேத ஆசிரியர்களாகிய பழைய ரபீக்கள் கேட்டார்கள். அவர்களே பதிலும் சொன்னார்கள்: உன் வேலையெல்லாம் முடிந்துவிட்டது போல ஓய்ந்திரு. "போல" என்பதில் விசுவாசம் முழுவதும் இருக்கிறது. எபிரெய மொழியில் ஷாபாத் என்ற வினைச்சொல்லுக்கு முதல் பொருள் நிறுத்துவது. களைப்பு நீங்க இளைப்பாறுவது அதற்குப் பிறகு வருகிறது.

ஆதியாகமம் 2-இல் தேவன் தம் வேலையை முடித்துவிட்டு ஓய்ந்தார். மனிதன் படைக்கப்பட்டது ஆறாம் நாளில். ஆகவே அவனுடைய முதல் முழு நாளே ஓய்வுநாள். ஒரு செடி நடவில்லை, ஒரு கல் எடுத்து வைக்கவில்லை, அதற்குள் அவனுக்கு ஓய்வு கொடுக்கப்பட்டுவிட்டது. உழைத்துச் சம்பாதித்த ஓய்வு அல்ல அது. தேவன் முடித்ததற்குள் மனிதன் வந்து உட்கார்ந்தான். முதல் ஆறு நாட்களுக்கும் வருகிற "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" என்ற வரி ஏழாம் நாளுக்கு இல்லை என்பதையும் பாருங்கள். வேதாகமத்தில் முதன்முதலாகப் பரிசுத்தமாக்கப்பட்டது ஓர் இடமோ பொருளோ மனிதனோ இல்லை. ஒரு நாள்.

கட்டளைக்கு முன்னால் ஒரு பயிற்சி நடந்தது. சீனாய் மலையில் பத்துக் கட்டளைகள் யாத்திராகமம் 20-இல் வருகின்றன. வனாந்தரத்தில் தேவன் வானத்திலிருந்து தந்த உணவாகிய மன்னா 16-லேயே வந்துவிடுகிறது. சட்டத்தைக் காதால் கேட்பதற்கு முன்பு இஸ்ரவேலர் அதை வயிற்றால் கற்றுக்கொண்டார்கள். தலைக்கு ஓர் ஓமர், ஏறத்தாழ 2 லிட்டர். அதிகமாகச் சேர்த்தவனுக்கு மீதியில்லை, குறைவாகச் சேர்த்தவனுக்குக் குறைவில்லை. மறுநாளைக்கென்று பதுக்கி வைத்தால் பூச்சிபிடித்து நாறியது. ஆறாம் நாளில் மட்டும் தலைக்கு இரண்டு ஓமர் கிடைத்தது. அன்று வைத்தது நாறவில்லை, பூச்சியும் பிடிக்கவில்லை. ஐந்து நாள் பாவமாக இருந்த சேமிப்பு ஆறாம் நாளில் கீழ்ப்படிதலாகிவிட்டது.

இருந்தும் ஏழாம் நாள் காலையில் சிலர் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். வீட்டில் உணவு இருந்தது, பசி அவர்களைத் துரத்தவில்லை. ஒரு நாள் போகாவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயமும் பழக்கமும் துரத்தின. ஒன்றும் கிடைக்கவில்லை. இன்றைக்கு ஓய்வுநாள் காலையில் ஒரே ஒரு மின்னஞ்சல் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கை நீளுகிறபோது நடப்பது அதேதான். மன்னா 40 வருஷம் பெய்தது. அதாவது 2,000-க்கும் மேற்பட்ட ஓய்வுநாட்கள். எகிப்தில் ஓய்வே இல்லாமல் செங்கல் அறுத்த ஒரு ஜனத்துக்கு, நீ போகாவிட்டாலும் உனக்குச் சாப்பாடு உண்டு என்று புரியவைக்க அத்தனை வாரங்கள் தேவைப்பட்டன. ஓய்வுநாளைக் கைக்கொள்ளத் தொடங்கி மூன்றாம் வாரத்திலேயே எனக்கு மனம் அடங்கவில்லையே என்று சோர்ந்துபோகிறவர்கள் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளலாம்.

நாலாம் கட்டளை இரண்டு இடத்தில் இரண்டு காரணத்தோடு வருகிறது. யாத்திராகமம் 20 சிருஷ்டிப்பைக் காரணமாகச் சொல்கிறது. உபாகமம் 5 எகிப்தின் அடிமைத்தனத்தை நினைக்கச் சொல்கிறது. முதல் இடத்தில் "நினை" என்ற சொல், இரண்டாவது இடத்தில் "காத்துக்கொள்" என்ற சொல். யூத வீடுகளில் வெள்ளிக்கிழமை மாலையில் ஏற்றும் இரண்டு விளக்குகளுக்கு இந்த இரண்டு சொற்களையே காரணமாகச் சொல்வார்கள். அடிமைக்கு விடுமுறை கிடையாது. நிறுத்த முடிகிறவன்தான் விடுதலையானவன். அதனால் வாரத்தில் ஒரு நாள் நிறுத்தவே முடியாத வேலை நமக்கு இருக்கிறது என்றால், அந்த வேலை நமக்கு யார் என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. யாத்திராகமம் 31:17-இல் கர்த்தர் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்ததைச் சொன்ன கையோடு வருகிற எபிரெயச் சொல், மூச்சையும் ஆத்துமாவையும் குறிக்கும் நெஃபெஷ் என்ற வேரிலிருந்து பிறந்தது. மூச்சு வாங்கிக்கொண்டார் என்பது போன்ற பொருள். அந்த வினைச்சொல் 23:12-லும் வருகிறது. அங்கே மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டியவர்கள் யார்? அடிமைப்பெண்ணின் பிள்ளையும் அந்நியனும். தேவனுடைய ஓய்வுக்குச் சொன்ன சொல்லையே அந்தச் சமூகத்தில் கடைசி இடத்தில் இருந்தவர்களின் ஓய்வுக்கும் வேதம் சொல்கிறது. ஒரு வீட்டில் ஓய்வுநாள் சரியாக நடக்கிறதா என்று அறிய வீட்டுத்தலைவரைப் பார்த்துப் பயனில்லை. அந்த வீட்டில் யாருக்கு மிகக் குறைவான ஓய்வு கிடைக்கிறதோ அவர் அன்று எப்படி இருக்கிறார் என்று பாருங்கள்.

கட்டளையின் பட்டியலில் குமாரன், குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், அந்நியன் எல்லோரும் இருக்கிறார்கள். மனைவி தனியாகச் சொல்லப்படவில்லை. "நீ" என்ற சொல்லுக்குள்ளேயே அவரும் இருக்கிறார். நடைமுறையில் நடப்பது வேறு. வீட்டில் எல்லோரும் ஓய்ந்திருக்க, அம்மா மட்டும் மூன்று வேளை சமைத்து, பாத்திரம் கழுவி, விருந்தினரைக் கவனித்துக்கொண்டிருப்பார். அதை ஓய்வுநாள் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஐந்து பேருடைய ஓய்வை ஒருவர் தோளில் ஏற்றியிருக்கிறோம், அவ்வளவுதான்.

எது வேலை என்பதற்கு யூத மரபு கொடுத்த பதில் கூர்மையானது. யூதச் சட்ட மரபின் பழைய தொகுப்பாகிய மிஷ்னாவில் ஓய்வுநாளில் கூடாத 39 வேலைகள் எண்ணப்பட்டிருக்கின்றன, "நாற்பதில் ஒன்று குறைய" என்று. விதைப்பதில் தொடங்கி ரொட்டி சுடுவதுவரை 11. கம்பளி கத்தரிப்பதில் தொடங்கி துணி தைப்பது, கிழிப்பதுவரை 13. பிறகு வேட்டையும் தோலும் எழுத்தும், அதற்குப்பின் கட்டுவது, இடிப்பது, அணைப்பது, மூட்டுவது, சுத்தியலின் கடைசி அடி, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சுமப்பது. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் தேவனைத் தொழுத ஆசரிப்புக் கூடாரத்தைக் கட்டத் தேவையான வேலைகள் இவை என்பது மரபு. கூடாரத்தைப் பற்றிய கட்டளைகளுக்குப் பக்கத்திலேயே ஓய்வுநாள் பேசப்படுவதால், பரிசுத்த ஸ்தலத்துக்காகக்கூட அன்று கை நிற்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

உடம்பு எவ்வளவு வருந்துகிறது என்பது இங்கே அளவுகோல் இல்லை. கனமான மேசையை வீட்டுக்குள்ளேயே நகர்த்துவது இந்தப் பட்டியலில் வராது. இரண்டு எழுத்து எழுதுவது வரும், இரண்டு தையல் போடுவதும் வரும். உலகத்தின்மேல் என் கையை வைத்து அதை மாற்றுகிறேனா என்பதுதான் கேள்வி. சுத்தியலின் கடைசி அடி என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எல்லாம் ஆகிவிட்டது, ஒரே ஒரு தட்டு தட்டினால் பொருள் முழுமை பெறும். அந்தத் தட்டும் கூடாது. முடித்துவைப்பதே ஒரு வேலை என்று தனியாக எண்ணி வைத்திருக்கிறார்கள். "இதை மட்டும் முடித்துவிட்டு வருகிறேன்" என்ற வாக்கியத்துக்கு இதைவிட நேரான பதில் இருக்க முடியாது. கிறிஸ்தவர்கள் இந்த 39-ஐச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் வாசித்து யோசிக்காமல் தள்ளிவிடுவது நஷ்டம்.

இனி நடைமுறை. ஓய்வுநாள் அதன் முந்தின நாளில்தான் கட்டப்படுகிறது. சுவிசேஷங்களில் ஆயத்தநாள் என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. "சுட வேண்டியதைச் சுட்டு, வேவிக்க வேண்டியதை வேவித்து" என்று மோசே சொன்னது ஆறாம் நாளில். ஆயத்தம் இல்லாத ஓய்வுநாள் இரண்டு விதமாக உடையும். ஒன்று, பசியும் தேவையும் நெருக்கி, காலை பத்து மணிக்குள் எல்லோரும் வேலையில் இறங்கிவிடுவார்கள். இல்லையென்றால் வேறு யாராவது வேலை செய்ய வேண்டியிருக்கும், அதாவது கடைக்காரரும் உணவு கொண்டுவரும் பையனும். நாம் ஓய்ந்திருக்க அவர்களை ஓட விடுவது கட்டளையின் "வேலைக்காரனானாலும்" என்ற பகுதியை மீறுவதே.

ஆயத்தத்தை நேரத்தைப் பின்னோக்கி எண்ணித் திட்டமிடுங்கள். மாலைக்கு மாலை என்று கைக்கொள்கிறவர்களுக்கு எல்லைக்கோடு சூரியன் மறையும் நேரம். அது காலத்துக்குக் காலம் மாறும், எனவே வாரத் தொடக்கத்திலேயே பார்த்துக் குறித்துவையுங்கள். யூத வழக்கத்தில் சூரியன் மறைய 18 நிமிடம் இருக்கும்போதே விளக்கேற்றிவிடுவார்கள், எருசலேமில் 40 நிமிடம் முன்பு. மறுநாள் வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரியும்போது முடிப்பார்கள். ஆக மொத்தம் 25 மணி நேரம் ஆகிவிடும். வேலையின் பக்கத்திலிருந்து கொஞ்சம் வெட்டி ஓய்வோடு சேர்ப்பது என்ற இந்த யோசனையை யாரும் எடுத்துக்கொள்ளலாம். எல்லைக்கோட்டை மிதித்துக்கொண்டு ஓடிவருகிறவர்கள் முதல் இரண்டு மணி நேரத்தை மூச்சிரைப்பிலேயே கழித்துவிடுவார்கள்.

என் பரிந்துரை இது. சமையலும் துணி வேலையும் எல்லைக்கு 3 மணி நேரம் முன்பே முடிய வேண்டும். குளியல், உடை, மேசை ஒழுங்குக்குக் கடைசி 1 மணி நேரம். இடையில் உள்ள 2 மணி நேரத்தை வெறுமையாக விடுங்கள், ஏனென்றால் எதிர்பாராத ஒன்று கட்டாயம் வந்து அதை நிரப்பும். மறுநாளுக்கு ஆறினாலும் சாப்பிடக்கூடிய உணவு, அல்லது ஒரே தடவை சூடாக்கினால் போதும் என்கிற உணவு. புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கும் நாள் அது இல்லை. பெட்ரோல், மருந்து, குழந்தைக்கு வேண்டியவை, மறுநாள் போடும் உடை, எல்லாவற்றையும் வியாழக்கிழமையே சரிபார்த்துவிட்டால் வெள்ளிக்கிழமை பதற்றம் பாதியாகும். ஆயத்தம் முழுவதையும் ஒரே நாளில் திணிப்பதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் விளக்கேற்றும் நேரத்தில் வீட்டில் இருவர் கோபமாக இருப்பார்கள், ஒருவர் தூங்கியிருப்பார்.

வீட்டைவிட மனதை ஆயத்தம் செய்வது கடினம். அதற்கு ஒரு தாளும் பேனாவும் போதும். எல்லைக்கு அரை மணி நேரம் இருக்கும்போது, முடியாமல் கிடப்பவற்றை ஒவ்வொன்றாக எழுதுங்கள். அனுப்பாத கடிதம், கட்டாத பணம், பேச வேண்டிய ஆள், பதில் தெரியாத பிரச்சினை. ஒவ்வொன்றுக்கும் எதிரே அடுத்து எடுக்க வேண்டிய ஒரே ஒரு படியை எழுதுங்கள். "கணக்கு" என்று மட்டும் எழுதினால் மனம் அதை விடாது. "திங்கள் காலை மார்ச் மாத ரசீதுகளை எடுத்து வைக்க வேண்டும்" என்று எழுதினால் விட்டுவிடும். பிறகு தாளை மடித்து வேதாகமத்துக்குக் கீழேயோ ஒரு பெட்டிக்குள்ளோ வைத்து, இவை உம்முடையவை, நாளைவரை நீர் பார்த்துக்கொள்ளும் என்று வாய்விட்டுச் சொல்லி ஜெபியுங்கள். ஓய்வுநாள் நடுவில் ஏதாவது ஞாபகம் வந்தால் தாளைத் திறக்க வேண்டாம். அது ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது.

கைப்பேசிக்கு, எருசலேமின் மதிலைத் திரும்பக் கட்டிய யூத ஆளுநர் நெகேமியாவிடம் பாடம் உண்டு. எருசலேமுக்குள் ஓய்வுநாளில் வியாபாரம் நடந்தது, தீரு பட்டணத்தார் மீன் கொண்டுவந்து விற்றார்கள். நெகேமியா அறிவுரையோடு நிறுத்தவில்லை. ஓய்வுநாளுக்கு முன்பு வாசல்களில் நிழல் படும்போதே கதவுகளைப் பூட்டச் சொன்னார், காவலுக்கு ஆள் நிறுத்தினார். வியாபாரிகள் இரண்டொரு தடவை மதிலுக்கு வெளியே இராத்தங்கிப் பார்த்தார்கள். எச்சரித்த பின் வருவதை நிறுத்திக்கொண்டார்கள் (நெகேமியா 13:15-21). இதில் மூன்று செய்தி உண்டு. மனவுறுதியை நம்பாதே, கதவைப் பூட்டு. நிழல் படும்போதே பூட்டு, இருட்டிய பிறகு அல்ல. முதல் சில வாரங்கள் வெளியே ஆட்கள் காத்திருப்பார்கள், பிறகு பழகிக்கொள்வார்கள். சத்தத்தை மட்டும் குறைத்துச் சட்டைப்பையில் வைத்திருப்பது பூட்டாத கதவு. கைப்பேசியை அணைத்து வேறு அறையில், மூடிய பெட்டியில் வையுங்கள். வயதான பெற்றோர், நோயாளி, வெளியூரில் பிள்ளை என்று கவலை இருந்தால் ஓரிரண்டு எண்களிலிருந்து வரும் அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி அமைத்து, அந்த எண்ணுக்குரியவர்களிடம் சொல்லிவையுங்கள். வேலையிடத்தில் இருப்பவர்களுக்கு வியாழக்கிழமையே தெரிவித்துவிட வேண்டும். எல்லை நெருங்கியபின் "நாளை கிடைக்க மாட்டேன்" என்றால் அவர்களுடைய ஓய்வை நீங்கள் கெடுத்துவிடுவீர்கள்.

தொடக்கத்துக்கு ஓர் அடையாளம் வேண்டும். விளக்கேற்றுவது, ஒரு சங்கீதம், ஒரு பாட்டு, பிள்ளைகள் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பது. ஏதாவது ஒன்று, ஒவ்வொரு வாரமும் அதேதான். பத்து நிமிடத்துக்கு மேல் நீள வேண்டாம். 92-ஆம் சங்கீதத்தின் தலைப்பே ஓய்வுநாளின் பாட்டு என்றிருக்கிறது. யூத மேசையில் இரண்டு முழு ரொட்டிகள் வைப்பது ஆறாம் நாளின் இரட்டை மன்னாவின் நினைவு. கிறிஸ்தவ வீட்டில் அப்படியே செய்ய வேண்டும் என்றில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு மன்னாவின் கதையைச் சொல்ல ஒரு பொருள் மேசைமேல் இருப்பது, பிரசங்கத்தைவிட ஆழமாகப் போகும்.

காலை ஆராதனையில் போய்விடும். அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

உடைவது பெரும்பாலும் பிற்பகலில். சாப்பாடு முடிந்து, தூங்கி எழுந்து, மாலைக்கு இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் இருக்கிற வேளை. கை சும்மா இருக்காது, மனம் நாளைக்குப் போய்விடும். ஆமோஸ் 8:5-இல் தானியத்தை விற்க ஓய்வுநாள் எப்போது முடியும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கடையை மூடியிருக்கிறார்கள், கட்டளையை வெளிப்படையாக மீறவில்லை. உள்ளே தராசு ஆடிக்கொண்டேயிருக்கிறது. அதே வசனத்தில் அவர்கள் மரக்காலைக் குறைத்து, காசின் எடையைக் கூட்டி, கள்ளத்தராசு வைக்கத் திட்டமிடுவதையும் தீர்க்கதரிசி சேர்த்தே சொல்கிறார். நிறுத்தத் தெரியாத மனமும் ஏழையை ஏமாற்றும் மனமும் அவருக்கு ஒன்றுதான்.

அந்த வேளைக்கு முன்கூட்டியே ஒன்றைத் தீர்மானித்து வைப்பது நல்லது. இலக்கில்லாத நடை. ஒரே அதிகாரத்தை மெதுவாக, இருவர் மாறிமாறிச் சத்தமாக வாசிப்பது. படுக்கையில் இருக்கும் ஒருவரைப் பார்த்துவிட்டு வருவது. ஏசாயா 58:13 ஓய்வுநாளை "மனமகிழ்ச்சியின் நாள்" என்று அழைக்கச் சொல்கிறது. அதே வசனம் "உன் சொந்தப்பேச்சைப்" பேச வேண்டாம் என்றும் சொல்கிறது. விலை, சம்பளம், அடுத்த வாரத் திட்டம் ஆகிய மூன்றையும் மேசைப் பேச்சிலிருந்து எடுத்துப் பாருங்கள். முதலில் பேச ஒன்றுமே இல்லாதது போலிருக்கும். அந்த மௌனத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குப்பின் வருகிற பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

பிள்ளைகளுக்கு அன்று ஒன்றைத் தடுத்தால் அன்றைக்கு மட்டுமே கிடைக்கும் வேறொன்றைக் கொடுங்கள். அந்த நாளில் மட்டும் வெளியே எடுக்கும் விளையாட்டுப் பொருள், அப்பா படித்துக் காட்டும் கதை, எல்லோரும் சேர்ந்து தரையில் படுக்கும் இரவு. "கூடாது" என்ற சொல்லையே அந்த நாளில் அதிகம் கேட்ட பிள்ளை, வளர்ந்தபின் அந்த நாளை விட்டு ஓடும். அதில் பிள்ளையின் குற்றம் குறைவு.

சபையில் பொறுப்பு வகிப்பவர்களைப் பற்றி ஒரு கவலை. போதகர், பாடகர் குழு, சிறுவர் வகுப்பு நடத்துகிறவர்கள், நாற்காலி போடுகிறவர்கள். எண்ணாகமம் 28-இன்படி ஆசாரியர்களுக்கு ஓய்வுநாளில் வேலை கூடுதல். அன்றாடம் செலுத்தும் இரண்டு ஆட்டுக்குட்டிகளோடு அன்று இன்னும் இரண்டு. அவர்கள் ஓய்வுநாளை மீறியும் குற்றமற்றவர்கள் என்று இயேசு சொன்னார் (மத்தேயு 12:5). குற்றமில்லை என்பது உண்மை. அதற்காகக் களைப்பில்லை என்று ஆகிவிடாது. இவர்களுக்கு வாரத்தில் வேறொரு முழு நாள் வேண்டும். அதைச் சபையே கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும். கூட்டம், குழு ஆலோசனை, கணக்குப் பார்ப்பது எல்லாவற்றையும் ஆராதனை நாளின் பிற்பகலில் அடுக்கிவைக்கிற சபை, தன் ஜனங்களை ஓய்வுநாளில் செங்கல் அறுக்க வைக்கிறது.

செவிலியர், தீயணைப்பு வீரர், நோயாளியை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்கள் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில், ஓய்வுநாளில் சண்டையிட மாட்டோம் என்று குகைகளில் இருந்த ஏறத்தாழ 1,000 யூதர்கள் எதிர்க்காமலே செத்தார்கள். அதைக் கேட்ட யூதக் கிளர்ச்சித் தலைவர் மத்தத்தியாவும் கூட்டாளிகளும், ஓய்வுநாளில் தாக்க வந்தால் தற்காத்துக்கொள்வோம் என்று முடிவெடுத்ததை மக்கபேயர் முதல் நூல் சொல்கிறது. உயிரைக் காப்பது ஓய்வுநாளைத் தள்ளிவைக்கும் என்பது பிற்பாடு யூதச் சட்டத்திலேயே உறுதியானது. இயேசு 18 வருஷம் கூனியாயிருந்த பெண்ணைச் சுகமாக்கியபோது அவர் எடுத்த உதாரணம் எருதைத் தொழுவத்திலிருந்து அவிழ்த்துத் தண்ணீருக்குக் கொண்டுபோவது (லூக்கா 13). மிருகத்தின் கட்டை அவிழ்க்கலாம் என்றால், இவளைக் கட்டியிருக்கிற கட்டை இந்த நாளில் அவிழ்க்காமல் எந்த நாளில் அவிழ்ப்பது? உபாகமம் சொன்ன அடிமைக்கட்டு இங்கே திரும்பி வருகிறது. பணிமுறை மாறிமாறி வருகிறவர்கள் 24 மணி நேரத்தை வாரத்தின் எந்த இடத்திலாவது ஒன்றாகப் பிடிக்கப் பாருங்கள். நான்கு நான்கு மணி நேரமாக உடைத்து ஆறு நாளில் பரப்பினால் கூட்டல் சரியாக வரும், ஓய்வுநாள் வராது.

சனியா ஞாயிறா என்பதற்கு இவ்வளவு போதும். கட்டளை சொல்வது ஏழாம் நாள், யூதர்களும் ஏழாம் நாள் சபையாரும் அதைக் கைக்கொள்கிறார்கள். உயிர்த்தெழுதலின் நாளாகிய வாரத்தின் முதல் நாளில் கூடுவது அப்போஸ்தலர் 20:7-லேயே தென்படுகிறது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கி.பி. 321-இல் ஞாயிற்றை நகரத்தாருக்கு ஓய்வுநாளாக்கினார். அந்த ஆணை விவசாயிகளுக்கு விலக்குக் கொடுத்தது, விதைக்க ஏற்ற நாள் தவறிப்போகும் என்ற காரணத்துக்காக. யாத்திராகமம் 34:21 எந்த இடத்தில் விலக்குக் கொடுக்க மறுத்ததோ, அதே இடத்தில் பேரரசு விலக்குக் கொடுத்தது. நாள் மாறியதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு இந்த மாற்றம்தான் பெரிதாகப் படுகிறது. விதைப்பை நம்பிய ஓய்வும், விதைப்பைக் கொடுக்கிறவரை நம்பிய ஓய்வும் ஒன்றல்ல.

முடிவுக்கும் ஓர் அடையாளம் வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் மாலை ஐந்து மணியளவில் ஒருவர் கைப்பேசியை எடுப்பார், இன்னொருவர் துணியை ஊறவைப்பார், நாள் ஓட்டையான பானை மாதிரி ஒழுகிப் போய்விடும். யூதர்களின் ஹவ்தாலாவில், அதாவது பிரித்தல் என்ற சடங்கில், ஒரு கிண்ணம் திராட்சரசம், வாசனைப் பொருள், பல திரிகள் சேர்ந்து முறுக்கிய மெழுகுதிரி இருக்கும். ஓய்வுநாளில் மனிதனுக்குக் கூடுதலாக ஓர் ஆத்துமா கொடுக்கப்படுகிறது என்றும், அது விடைபெறும்போது வருகிற வாட்டத்தைத் தேற்றத்தான் வாசனை என்றும் சொல்வார்கள். மேலே பார்த்த அந்த மூச்சு வாங்கும் சொல்லிலிருந்து பிறந்த விளக்கம் அது. நெருப்பு மூட்டாதிருந்த நாள் முடிந்து, புதிய வாரத்தின் முதல் வேலையாக நெருப்பு மூட்டப்படுகிறது.

எளிமையாகச் செய்யலாம். இருட்டியதும் எல்லோரும் நின்று ஒரு ஸ்தோத்திரப் பாட்டு. இந்த நாளில் பெற்றது என்ன என்று ஆளுக்கு ஒரு வாக்கியம். ஏற்றிய விளக்கை அணைப்பது. பிறகு பெட்டியைத் திறந்து தாளை எடுங்கள். சேர்ந்திருக்கும் பாத்திரங்களை எல்லோருமாகக் கழுவுங்கள். அடுத்த வாரம் சூரியன் மறையும் நேரத்தைப் பார்த்து நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.